லண்டன் நடுநகரின் குண்டுச் சேதத்தை வரைபடமாக்குவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நடத்திய குண்டுத் தாக்குதல்களால் 1940 முதல் 1945 வரை லண்டன் மையத்தில் எந்தக் கட்டடம் எவ்வளவு சிதைந்தது என்பதைக் கணினி வரைபடமாக்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை ஒரு வாரமாவது தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

கையில் எடுப்பதற்கு முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குண்டு விழுந்த இடம் வேறு, சேதம் நடந்த இடம் வேறு. இரண்டையும் ஒரே படத்தில் கலப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. நாலு தெரு தள்ளி விழுந்த எரிகுண்டு மூட்டிய தீயில் ஒரு கட்டடம் சாம்பலாகியிருக்கலாம். குண்டு நேராக விழுந்தும் வெடிக்காததால் பக்கத்துக் கட்டடம் அப்படியே நின்றிருக்கலாம். இரண்டும் தனித்தனி அடுக்குகளாகவே இருக்க வேண்டும்.

மூல ஆவணங்கள் இரண்டு

முதலாவது, அன்று லண்டனை நிர்வகித்த உள்ளாட்சி மன்றமான லண்டன் கவுன்ட்டி கவுன்சிலின் கட்டடக்கலைத் துறை போர் நடக்கும்போதே வரைந்த சேத வரைபடங்கள். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 அளவிலான தாள்களின் மேல் கையால் வண்ணம் தீட்டியவை. அடித்தாள் 1916ஆம் ஆண்டுப் பதிப்பு, 1940இல் திருத்தியது. மொத்தம் 110 தாள்கள். இவை லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன; 2024 வரை அதன் பெயர் லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்பதால் பழைய குறிப்புகளில் அந்தப் பெயரையே காண்பீர்கள்.

இரண்டாவது, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் 1940 செப்டம்பரில் தொடங்கிய குண்டுக் கணக்கெடுப்பு. விழுந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்த வரைபடங்களும் அவற்றுக்கான அறிக்கைகளும் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரைபடங்கள் எச்ஓ 193, அறிக்கைகள் எச்ஓ 198 என்ற தொகுதிகளில் கிடைக்கும்.

எல்லையைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். கவுன்சிலின் தாள்கள் நகரின் பழைய மையமான சிட்டி ஆஃப் லண்டனையும் (சுருக்கமாகச் சிட்டி) அதைச் சுற்றியிருந்த 28 பெருநகர பரோக்களையும் (உள்ளாட்சிப் பகுதிகள்) மட்டுமே காட்டும். இன்று தமிழர்கள் நிறைய வாழும் இடங்களை எடுத்துக்கொண்டால் டூட்டிங்கும் லூயிஷமும் உள்ளே வரும். ஈஸ்ட் ஹாம் அன்று எஸெக்ஸ், வெம்பிளியும் ஹாரோவும் மிடில்செக்ஸ், மூன்றும் வெளியே. அவற்றைத் தேடுபவர்கள் கணக்கெடுப்புத் தாள்களையும் அந்தந்த உள்ளூர் ஆவணங்களையும் பார்க்க வேண்டும்.

நிறங்களுக்கு எண் கொடுங்கள்

தாளில் உள்ள நிறங்களை நிறப் பெயராகப் பதியாதீர்கள். ஸ்கேனுக்கு ஸ்கேன் நிறம் மாறும், எண் மாறாது.

6 – கறுப்பு: முழு அழிவு
5 – ஊதா: பழுதுபார்க்க முடியாத சேதம்
4 – அடர் சிவப்பு: கடும் சேதம், பழுதுபார்க்க முடியுமா என்பதே ஐயம்
3 – இளஞ்சிவப்பு: கடும் சேதம், செலவு செய்தால் சரியாகும்
2 – ஆரஞ்சு: வெடிப்பதிர்வால் வந்த பொதுச் சேதம், கட்டுமானத்துக்குப் பாதிப்பில்லை
1 – மஞ்சள்: வெடிப்பதிர்வால் வந்த சிறு சேதம்
0 – வண்ணமில்லை
9 – படிக்க முடியவில்லை

இவை தவிர வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் வரும். அவை இடித்து அகற்றுவதற்கான பகுதிகளைக் குறிப்பவை. சேதத்தின் அளவைச் சொல்பவை அல்ல. ஆகவே அவற்றுக்குத் தனிப் புலம் வையுங்கள். 0 என்பதைச் 'சேதமில்லை' என்று மொழிபெயர்க்கவே கூடாது. வண்ணம் தீட்டியவரின் கைக்கு அந்தக் கட்டடத்தின் தகவல் வராமலும் போயிருக்கலாம். உங்கள் படத்திலும் அது 'குறிக்கப்படவில்லை' என்றே இருக்கட்டும்.

இரண்டு வட்டங்களும் உண்டு. பெரிய வட்டம் வி-1 பறக்கும் குண்டு, சிறிய வட்டம் வி-2 ராக்கெட். புதியவர்கள் பெரிய வட்டத்தைப் பார்த்ததும் அதுதான் சேதம் பரவிய எல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வெறும் குறியீடு. நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டத்தை விட்டுவிடுங்கள்.

பகுதியைச் சிறியதாக எடுங்கள்

முதல் முயற்சிக்கு 500 மீட்டருக்கு 500 மீட்டர் போதும். செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் வடக்கே, பேட்டர்னாஸ்டர் ரோவும் நியூகேட் தெருவும் சேர்ந்த பகுதி நல்ல பயிற்சிக் களம். 1940 டிசம்பர் 29 இரவுத் தீ இங்கேதான் கோரமாகப் பரவியது. பேட்டர்னாஸ்டர் ரோவின் புத்தகக் கிடங்குகளில் ஏறக்குறைய 50 லட்சம் புத்தகங்கள் எரிந்தன. எல்லா வகைச் சிக்கலும் இந்தச் சிறு சதுரத்துக்குள்ளேயே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

ஸ்கேன் கோப்பு

300 டிபிஐ ஸ்கேனில் ஒரு பிக்சல் 0.085 மில்லிமீட்டர். 1:2500 அளவில் அது நிலத்தில் 21 சென்டிமீட்டர். கட்டட எல்லைகளுக்கு இது தாராளம். கோப்பு டிஃப் வடிவில் இருக்க வேண்டும். ஜேபெக் சுருக்கம் இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் ஒரு கலங்கலை உண்டாக்கும்; ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் அது வந்தால் எண் 5ஆ 6ஆ என்றே தெரியாது. அடித்தாளில் அச்சான கறுப்புக் கோடுகளின் மேல் தீட்டிய ஊதா, ஸ்கேனில் கறுப்பாகத் தோன்றுவதும் வழக்கம். ஐயம் வந்தால் 400 சதவீதம் பெரிதாக்கி, கோடுகளுக்கு இடையிலுள்ள வெளியின் நிறத்தை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு தாளிலும் ஐயமில்லாத ஒரு கறுப்பு, ஒரு ஊதா, ஒரு அடர் சிவப்பு, ஒரு இளஞ்சிவப்பு எனத் துண்டுகளை வெட்டி ஒரு பட்டையாக்கி திரையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளின் பட்டையை இன்னொரு தாளுக்குப் பயன்படுத்த வேண்டாம். கையால் கலந்த சாயம் எல்லாத் தாள்களிலும் ஒரே அடர்த்தியில் இருக்காது.

தாளை நிலத்தோடு பொருத்துவது

முழு வேலையின் தரமும் இங்கேதான் தீர்மானமாகிறது, ஆகவே நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

திட்டத்தின் ஆயத்தொலை முறையை பிரிட்டிஷ் நேஷனல் கிரிட் (ஈபிஎஸ்ஜி 27700) என்று அமையுங்கள். இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டரிலேயே வேலையைத் தொடர்ந்தால் பரப்பளவு கெட்டுப்போகும். லண்டனின் அட்சரேகையில் அது நீளத்தை ஏறக்குறைய 1.6 மடங்காகவும், பரப்பை 2.6 மடங்காகவும் ஊதிக் காட்டும். ஜிபிஎஸ் புள்ளிகளைச் சரியான மாற்றம் இல்லாமல் நேஷனல் கிரிட்டில் இட்டாலோ 100 மீட்டருக்கு மேல் விலகிப்போகும். சிட்டியில் 100 மீட்டர் என்றால் மூன்று தெரு.

ஒரு தாளுக்கு 16 அடையாளப் புள்ளிகள் எடுங்கள். பன்னிரண்டைப் பொருத்துவதற்கும் நான்கைச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் பரவியிருக்க வேண்டும். நடுவில் குவிந்தால் ஓரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

எதைப் புள்ளியாக எடுப்பது என்பதில் ஊர் வரலாறு கைகொடுக்கும். செயின்ட் பால்ஸின் சுவர் மூலைகள், கில்ட்ஹால், மேன்ஷன் ஹவுஸ், ராயல் எக்ஸ்சேஞ்ச், செயின்ட் மேரி-லெ-போ கோபுரம் போன்றவை இடம் மாறாதவை. நியூகேட் தெரு கிரைஸ்ட் சர்ச்சின் கோபுரத்தையும் எடுக்கலாம். ஆனால் அதன் கிழக்குச் சுவரை நம்பாதீர்கள். சாலையை அகலப்படுத்த 1970களில் அது இடிக்கப்பட்டது. அல்டர்மன்பரி செயின்ட் மேரி ஆலயத்தின் கற்கள் 1960களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அடித்தளம் மட்டும் தோட்டமாக அங்கேயே இருக்கிறது, அந்த அடித்தளம் பயன்படும். பேராலயத்தின் பக்கத்தில் இன்று நிற்கும் டெம்பிள் பார் வளைவைத் தொடவே வேண்டாம். அது 2004இல்தான் அங்கே வந்தது.

சாலை ஓரங்களையும் தவிருங்கள். லண்டன் வால் சாலையின் மேற்குப் பகுதி போருக்குப் பின் புது வழியில் போடப்பட்டது. பேராலயத்தின் கிழக்கே பழைய ஓல்டு சேஞ்ச் தெரு மறைந்து நியூ சேஞ்ச் வந்தது. இந்த இரண்டையும் புள்ளியாக எடுத்தவர்களின் தாள்கள் கோணிக்கொண்டு நிற்பது வழக்கம்.

மாற்ற முறையாக முதலில் பாலினோமியல் 1ஐத் தேர்ந்தெடுங்கள். சராசரிப் பிழை 3 மீட்டருக்குள் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். வரவில்லையென்றால் எந்தப் புள்ளி தவறு என்று தேடுங்கள், உடனே கடினமான முறைக்குத் தாவாதீர்கள். தின் பிளேட் ஸ்ப்லைன் முறை எல்லாப் புள்ளிகளிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும். பொருத்தம் அற்புதம் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு புள்ளியையும் அது வலிந்து இழுத்து ஒட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான பிழையை ஒதுக்கிவைத்த நான்கு சோதனைப் புள்ளிகள் மட்டுமே சொல்லும். அவற்றில் எவ்வளவு விலகல் என்பதைத் தாள் எண்ணோடு எழுதி வையுங்கள்.

மறு மாதிரி எடுக்கும் இடத்தில் 'நியரஸ்ட் நெய்பர்' என்பதையே தேர்ந்தெடுங்கள். மற்றவை பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து, ஆவணத்தில் இல்லாத நிறங்களை உண்டாக்கும்.

கட்டடங்களை வரைதல்

ஒரு ஜியோபேக்கேஜ் கோப்பு, அதில் மூன்று அடுக்குகள்: கட்டடம் (பரப்பு), விழுந்த இடம் (புள்ளி), சாலைக் குழி (பரப்பு). கட்டட அடுக்கின் புலங்கள்: அடையாள எண், 1940இல் இருந்த தெருப் பெயர், கதவு எண், சேத எண், அகற்றல் பகுதியா, தாள் எண், தேதி, தேதியின் உறுதி, எல்லையின் உறுதி, சான்று, குறிப்பு. உறுதிக்கு 1, 2, 3 போதும். தேதிக்கும் எல்லைக்கும் தனித்தனி உறுதி எண் வைப்பது கெடுபிடி போலத் தோன்றும். ஆனால் தீ எந்த இரவில் வந்தது என்பது உறுதியாகத் தெரிந்தும், சுவர் எங்கே முடிந்தது என்று தெரியாத கட்டடங்கள் இங்கே ஏராளம்.

தெருப் பெயரை இன்றைய வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரே பெயரில் பல தெருக்கள் இருந்த குழப்பத்தைத் தீர்க்க 1930களில் கவுன்சில் நிறையப் பெயர்களை மாற்றியது. செயின்ட் ஜேம்ஸ் பகுதியின் சார்லஸ் தெரு, 1939இல் சார்லஸ் 2 தெரு ஆனது ஓர் உதாரணம். அந்தந்த ஆண்டின் தபால் அலுவலகத் தெருக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெருவின் ஒரு பக்கத்துக் கதவு எண்களும் குறுக்குத் தெருக்களும் வரிசையாக வரும், மூலைக் கட்டடத்தின் எண்ணை உறுதிசெய்ய அதைவிட நல்ல துணை இல்லை. கிடங்குகளின் உட்சுவர் எங்கே என்று தெரியாவிட்டால் கோட் நிறுவனத்தின் தீக் காப்பீட்டு வரைபடங்களைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 40 அடி அளவில் வரைந்தவை. சுவர் செங்கல்லா மரமா, எத்தனை மாடி என்பதுவரை சொல்லும்.

பெரிய கட்டடம் ஒன்றுக்கு ஒரே எண் கொடுத்துவிடுவது இன்னொரு பிழை. 1941 மே 10-11 இரவில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் மக்களவை மண்டபம் அழிந்தது. பக்கத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலின் பழைய மரக்கூரையைத் தீயணைப்பாளர்கள் காப்பாற்றினார்கள். அரண்மனை முழுவதையும் ஒரு பரப்பாக வரைந்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். தாளில் நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே பரப்பையும் வெட்டுங்கள். குறிப்புப் புலத்தில் 'ஒரே கட்டடத்தின் பகுதி' என்று எழுதிப் பொது எண்ணால் இணையுங்கள்.

தாளின் ஓரத்தில் பாதிக் கட்டடம் ஒரு தாளிலும் மறுபாதி அடுத்த தாளிலும் வரும். இரண்டு தாளும் வேறு வேறு நிறம் காட்டினால் எதையும் திருத்த வேண்டாம். இரண்டையும் பதிந்து 'ஓர முரண்' என்று குறித்துவிட்டு நகருங்கள்.

தாளில் நிறமே இல்லாத சேதம்

சாலைக் குழி அடுக்கு எதற்கு என்பது பேங்க் நிலையத்தைப் பார்த்தால் புரியும். 1941 ஜனவரி 11 இரவில் ஒரு குண்டு சாலையைத் துளைத்து, கீழே நிலத்தடி ரயில் நிலையத்தின் டிக்கெட் கூடத்தில் வெடித்தது. தெருச் சந்திப்பே உள்ளே சரிந்தது. குழியின் மேல் ராணுவப் பொறியாளர்கள் தற்காலிகப் பாலம் போட வேண்டியிருந்தது. உயிர்ச்சேதம் பெரிது. ஆனால் சேத வரைபடம் கட்டடங்களுக்குத்தான் வண்ணம் தீட்டுகிறது. சாலைக்குத் தீட்ட அதில் இடமில்லை. சுற்றியிருந்த ராயல் எக்ஸ்சேஞ்சும் மேன்ஷன் ஹவுஸும் இங்கிலாந்து வங்கியும் நின்றன. கட்டட நிறங்களை மட்டும் நம்பினால், அந்த இரவில் அங்கே மாண்டவர்கள் உங்கள் படத்திலிருந்து மறைந்துபோவார்கள். ஸ்லோன் ஸ்கொயர், பால்ஹம் (Balham) நிலையங்களுக்கும் இதே கவனம் வேண்டும்.

இதற்கு நேர்மாறானது பேட்டர்னாஸ்டர் ரோ. பெரும் அழிவு, ஆனால் அதற்கு ஈடான புள்ளிகள் இல்லை. காரணம், அன்றிரவு வேலை செய்தவை ஒரு கிலோ எடையுள்ள எரிகுண்டுகள். கொத்துக் கொத்தாகக் கூரைகளில் கொட்டும் அவற்றை ஒவ்வொன்றாகக் குறிக்க முடியாது. அன்று ஞாயிறு, கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. தேம்ஸில் நீர் வற்றியிருந்தது. குடிநீர்க் குழாய்கள் உடைந்திருந்தன. தீ தெருவைத் தாண்டித் தாண்டிப் போனது. அழிந்த பரப்பின் நடுவில் ஒரு புள்ளியை வைத்து 'இங்கே பெரிய குண்டு விழுந்திருக்கும்' என்று ஊகிக்காதீர்கள். சான்று இல்லாத புள்ளி பொய்ப் புள்ளி.

பறக்கும் குண்டுக்கும் ராக்கெட்டுக்கும் சேத வடிவமே வேறு. வி-1 தரைமட்டத்தில் வெடிக்கும், அதிர்வு தெரு வழியே ஓடும். 1944 ஜூன் 30 அன்று ஆல்ட்விச்சில் விழுந்தது போன்ற இடங்களில் அழிவின் மையத்தைவிட ஆரஞ்சும் மஞ்சளும் நெடுந்தூரம் போகலாம். வி-2 ஒலியைவிட வேகமாக வந்து மண்ணுக்குள் புதைந்து வெடிக்கும். குழி ஆழம், அழிவு செறிவு. 1945 மார்ச் 8 அன்று ஃபாரிங்டன் சந்தையில் விழுந்த ராக்கெட் 110 பேரைக் கொன்றது. உங்கள் வட்டத்தின் வகையைச் சரிபார்க்க இந்த வேறுபாடு உதவும்.

தேதி

கவுன்சிலின் தாளில் கட்டடத்துக்குக் கட்டடம் தேதி கிடையாது. போர் முழுவதும் சேர்ந்த கடைசி நிலைதான் அதில் இருக்கிறது. 1941இல் அடிபட்டு 1944இல் மீண்டும் அடிபட்ட கட்டடத்துக்கும் ஒரே நிறம்தான்.

வட்டம் இருந்தால் கீழ்வரம்பு கிடைக்கும்: முதல் வி-1 லண்டனில் விழுந்தது 1944 ஜூன் 13, முதல் வி-2 அதே ஆண்டு செப்டம்பர் 8. மற்றவற்றுக்குக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேடுங்கள். கவனம்: இணையத்தில் பாம்ப் சைட் திட்டம் ஏற்றியிருக்கும் தொகுப்பு 1940 அக்டோபர் 7 முதல் 1941 ஜூன் 6 வரை. தாக்குதலோ செப்டம்பர் 7இலேயே தொடங்கி 57 இரவுகள் இடைவிடாமல் நடந்தது. அந்த முதல் மாதத்துக்கு வான்தாக்குதல் காவலர்களின் நிகழ்வுப் பதிவேடுகளும் தீயணைப்புப் பதிவேடுகளும்தான் வழி.

இரவுத் தாக்குதல் இரண்டு தேதிகளில் விழும். ஒரே நிகழ்வு ஒரு பதிவேட்டில் 10 என்றும் இன்னொன்றில் 11 என்றும் வந்து, உங்கள் அட்டவணையில் இரண்டாகிவிடும். '1941-05-10/11' என்று இரவாகவே பதியுங்கள். கடிகாரமும் குழப்பும். 1940-41 குளிர்காலம் முழுவதும் பிரிட்டன் கிரீனிச் நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருந்தது, 1941 மே 4 முதல் இரண்டு மணி. ஜெர்மனியின் கடிகாரம் அந்தக் குளிர்காலத்திலும் இரண்டு மணி முன்னால். ஜெர்மானிய விமானப் பதிவோடு ஒப்பிடுகிறவர்கள் எல்லாவற்றையும் கிரீனிச் நேரத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

போரில் இறந்த பொதுமக்களின் பெயரேடு இன்னொரு நல்ல சான்று. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தொகுத்தது. ஏழு தொகுதிகள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. வீட்டு முகவரி, இறந்த இடம், தேதி மூன்றும் இருக்கும். இறந்த இடத்தைத்தான் எடுக்க வேண்டும், வீட்டு முகவரியை அல்ல. 'இங்கே காயமுற்று, மருத்துவமனையில் இறந்தார்' என்ற பதிவில் காயமுற்ற இடமும் தேதியுமே உங்களுக்கு வேண்டியவை. இதைச் செய்யும்போது நிதானமாகச் செய்யுங்கள். நீங்கள் ஒட்டுவது ஒரு குடும்பத்தின் கடைசி முகவரி.

சரிபார்ப்பு

வரைந்து முடித்த கட்டடங்களில் பத்துக்கு ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து மூன்று சான்றுகளோடு ஒப்பிடுங்கள். போர் முடிந்த ஆண்டுகளில் விமானப்படை எடுத்த வான்படங்களில், எரிந்த கட்டடம் தேன்கூடு மாதிரி சுவர் மட்டும் நின்று கூரையில்லாமல் தெரியும். ஆனால் 1, 2 எண் சேதம் மேலிருந்து தெரியாது, அதற்கு வான்படத்தை நம்பிப் பயனில்லை. 1940களின் பிற்பகுதியில் அளந்த 1:1250 ஆர்ட்னன்ஸ் தாள்கள் இடிபாடுகளை இடிபாடு என்றே எழுதிக் காட்டும். சிட்டி போலீஸின் ஆர்தர் கிராஸும் ஃபிரெட் டிப்ஸும் எடுத்த புகைப்படங்கள் தெருமட்டத்தில் சுவரின் நிலையைச் சொல்லும். மூன்றில் இரண்டு தாளோடு முரண்பட்டால் சேத எண்ணை மாற்றாதீர்கள். தாள் சொன்னது ஒரு புலத்தில், சரிபார்ப்பு சொன்னது இன்னொரு புலத்தில் இருக்கட்டும். நாளை வருபவர் உங்கள் தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய அதுதான் வழி விடும்.

வெளியிடும்போது

நீங்கள் வரைந்த பரப்புகளை வெளியிடலாம். ஸ்கேன் படத்தை வெளியிட ஆவணக் காப்பகத்தின் அனுமதி வேண்டும். விளக்கப் பட்டியலில் 0க்கும் 9க்கும் தனித்தனி நிறம் கொடுங்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தால் பார்ப்பவர் சேதமில்லை என்றே படிப்பார். சதவீதம் சொல்வதானால் எதன் சதவீதம், கட்டட எண்ணிக்கையா தரைப்பரப்பா, என்று அதே வரியில் எழுதுங்கள்.

மண் தோண்டுவது பாதுகாப்பா என்று கேட்டு யாராவது இந்தப் படத்தோடு வந்தால் உரிய நிபுணரிடம் அனுப்புங்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன. 2018 பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் 5 கப்பல்துறையில் கிடைத்த 500 கிலோ குண்டால் லண்டன் சிட்டி விமான நிலையமே மூடப்பட்டது.